திட்டத் தெரியாத குரல்

அப்பனுக்குக் கொள்ளி வைக்க வராத மகனுக்கு ஆரத்தி ஒரு கேடா என்று கேட்டுக்கொண்டே, உலகம்மாள் அந்தப் பித்தளைத் தட்டைப் பரணில் தூக்கிப் போட்டாள். அம்மா பிச்சம்மாள் மறுபேச்சுப் பேசவில்லை. மஞ்சளையும் சுண்ணாம்பையும் கையில் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அம்மா சண்டை போடாமல் போனால் வேறு ஏதோ செய்யப்போகிறாள் என்று அர்த்தம். அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் உலகம்மாள் அன்றைக்கு இல்லை.

ஏழு வருஷம் கழித்து அண்ணன் சங்கரநயினார் சுரண்டைக்கு வருகிறான். உலகம்மாளின் புருஷன் வேலாயுதம் விடிவதற்கு முன்பே காரை எடுத்துக்கொண்டு தூத்துக்குடி விமான நிலையத்துக்குப் போயிருந்தான். வழியில் அப்பா சாவைப் பற்றி மூச்சு விடக்கூடாது, வீட்டுக்கு வந்ததும் நான் பேசிக்கொள்கிறேன் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தாள். வேலாயுதம் சொன்னால் கேட்கிற ஆள்.

நயினார் போனது வடகடலில், கடலுக்கு அடியில் தோண்டுகிற ஒரு சுரங்கத்துக்கு. பேட்டரி செய்ய ஏதோ உலோகம் எடுக்கிறார்களாம். நானூறு மீட்டர் ஆழத்தில் ஓர் இரும்பு வீடு. ஆறு மாதம் அதற்குள் குடித்தனம், ஒரு மாதம் பக்கத்துத் தீவில், மறுபடியும் உள்ளே. ஊருக்கு விடுமுறை கிடையாது. தீவில் இருந்தாலும் கம்பெனி லைனில்தான், வாரத்துக்கு ஒரு போன், வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதிலும் படம் வராது, குரல் மட்டும்தான் என்று கம்பெனி முதலிலேயே சொல்லிவிட்டது.

அப்பா பேச்சிமுத்து செத்து நாலு வருஷம் ஆகிறது. முப்பத்தோரு வருஷம் அரசாங்க பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. பசித்தாலும் திட்டுவார், பாசம் வந்தாலும் திட்டுவார். நயினார் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோது, "எடுபட்ட பய, எவனைப் பாத்து எழுதினானோ" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே வீடு வீடாக பாதுஷா கொடுத்தார். உலகம்மாள் பிரசவத்துக்குப் போனபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்று டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லோரையும் வைதார். பிள்ளைகளும் அவர் வழிதான். அண்ணன் அவளைக் கூப்பிடுவது கூழ்முட்டை என்று. அவள் அவனைச் சொல்வதை எழுத முடியாது. அந்த வீட்டில் ஒருவர் மரியாதையாகப் பேசினால் உடம்புக்கு என்னவோ என்று பயப்படுவார்கள்.

அப்பா கடைசியில் இருபத்திரண்டு நாள் படுக்கையில் கிடந்தார். கம்பெனிக்கு உலகம்மாள் விஷயத்தைச் சொன்னதும் தினமும் சாயங்காலம் போன் வர ஏற்பாடு செய்தார்கள். தினமும் அண்ணன் குரல் சொன்னது ஒன்றேதான்: கவலைப்படாதீங்கப்பா, அடுத்த மாதம் வருகிறேன். எந்தத் தேதி என்று கேட்டார் அப்பா. டிக்கெட் கிழித்த மனுஷன், தேதி இல்லாமல் எதையும் நம்பமாட்டார். தேதி மட்டும் வரவில்லை. பத்தாம் நாள் கெஞ்சினார், பேச்சிமுத்து கெஞ்சினார், அதை உலகம்மாள் தன் காதால் கேட்டாள். அதற்கும் அடுத்த மாதம்தான்.

சாகிற அன்றைக்குக் காலையில் அப்பா அவளிடம் ஒரு வார்த்தை சொன்னார். அம்மா கஞ்சி எடுக்கப் போயிருந்தாள். வேறு யாரும் கேட்கவில்லை. அந்த வார்த்தையைப் போனில் சொன்னால் வீண், முகத்துக்கு நேராகச் சொல்லவேண்டும் என்று உலகம்மாள் நாலு வருஷமாக உள்ளேயே வைத்திருந்தாள். சோறு வடிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, பிள்ளைக்குத் தலை பின்னும்போது எல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். அதைக் கேட்டதும் அண்ணன் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கவேண்டும். அதற்குப் பிறகு அவன் வீட்டில் இருந்தால் என்ன, கடலுக்குள்ளேயே திரும்பப் போனால் என்ன.

சுடுகாட்டில் நடந்ததும் சேர்ந்துகொண்டது. ஆண்பிள்ளை உயிரோடு இருக்கும்போது பொம்பளை கொள்ளி வைப்பதாவது என்று பங்காளிகள் மறித்தார்கள். மகனையே கேட்டுவிடுவோம் என்று போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்கள். தங்கச்சியே வைக்கட்டும், எனக்குச் சம்மதம் என்றது அண்ணன் குரல். வீட்டுக்கு வந்த பார்சலை அடுத்த வீட்டில் கொடுத்துவிடச் சொல்வது போலச் சொன்னது. பதினாறு கழிந்து அவள் போன் போட்டு அரை மணி நேரம் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன் கோபம் எனக்குப் புரியுது தங்கச்சி" என்றான். அன்றோடு அவள் அவனிடம் பேச்சை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை போனை அம்மாதான் எடுப்பாள்.

பதினோரு மணிக்குக் கார் வந்து நின்றது. இறங்கிய ஆளைப் பார்த்து உலகம்மாளுக்கு ஒரு நிமிஷம் யாரென்று தெரியவில்லை. ஏழு வருஷமாக வெயில் படாத தோல் வெளுத்து, கண்ணுக்குக் கீழே பை விழுந்து, தரையை நம்பாதவன் போல அடி வைத்து நடந்தான். கையில் ஒரு பெட்டி. வழி நெடுகத் தூங்கிக்கொண்டே வந்தான் என்று வேலாயுதம் கண்ணாலேயே சொன்னான்.

வாசலில் நின்று நயினார் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "எப்பா, டிக்கெட் எடுக்காத ஆளு ஒண்ணு ஏறியிருக்கு, வந்து பாருங்க."

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவன் சொல்கிற வார்த்தை. உலகம்மாளுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் விளக்குமாறு பிய்ந்திருக்கும்.

"நடிக்காத" என்றாள். "நாலு வருசம் கழிச்சு நல்லா நடிக்கே."

"ஏட்டி கூழ்முட்ட, வந்ததும் வராததுமா என்ன? அப்பா எங்க? முட்டி வலின்னு படுத்திருக்காவளா?" பெட்டியைத் திறந்து முட்டியில் மாட்டுகிற ஒரு பட்டையை எடுத்துக் காட்டினான். போன வெள்ளிக்கிழமை அப்பா கேட்டாராம். தீவில் கடைகடையாக ஏறி வாங்கினானாம்.

அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது. அடுக்களையிலிருந்து அம்மா வந்தாள். நயினார் அவள் நெற்றியைப் பார்த்தான். அப்புறம் அவள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தான். காக்கிச் சட்டையில் அப்பா, பிளாஸ்டிக் மாலை, ஒரு சின்ன சிவப்பு பல்பு. முட்டிப்பட்டை கையிலிருந்து விழுந்தது. அவன் அதை எடுக்கக் குனிந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

எப்போது என்று கேட்டான். நாலு வருஷம் என்றாள் அம்மா. இல்லை என்றான். போன வெள்ளிக்கிழமை பேசினேன், அதற்கு முந்தின வெள்ளி பேசினேன், நாலு வருஷமாக ஒரு வெள்ளிக்கிழமை விடாமல் அப்பாவிடம் பேசியிருக்கிறேன் என்றான். பிறகு உலகம்மாளைப் பார்த்தான். "நீயும்தான பேசுன. என் பொறந்த நாளுக்குப் பாட்டெல்லாம் படிச்சியேட்டி."

"நான் ஒன்ட்ட பேசி நாலு வருசம் ஆச்சு."

நயினார் சட்டைப்பையிலிருந்து கம்பெனி கொடுத்த போனை எடுத்தான். செங்கல் கனத்தில் மஞ்சள் நிறப் போன். அதில் அப்பா என்று இருந்த பெயரைத் தொட்டான். இரண்டு தடவை மணி அடித்ததுமே எடுத்தார்கள்.

"ராசா, வீட்டுக்கு வந்து சேந்துட்டியாப்பா? பிரயாணம் சௌரியமா இருந்துச்சா?"

அப்பா குரல். அதே கரகரப்பு, மூக்கால் வருகிற அதே இழுப்பு. சுவரில் மாலையோடு இருந்தவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். வேலாயுதம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். அம்மா முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள், புருஷன் வீட்டுக்குள் வந்தால் செய்வதைப் போல.

"என்னங்க" என்றாள்.

"யாரு, பிச்சம்மாளா? நல்லா இருக்கியாம்மா? சாப்பிட்டியா? பிள்ளைங்களுக்குப் பரிமாறிட்டு நீ கடைசியில நிக்காத, அவங்களோட சேந்து நீயும் ஒக்காரு."

உலகம்மாள் போனைப் பிடுங்கினாள். நீ யார் என்று கேட்டாள். குரலில் ஒரு பிசிறு இல்லாமல் அது சொன்னது: "உலகு, நீ கோவத்துல இருக்கம்மா. ஒரு வாய் தண்ணி குடி, மெதுவாப் பேசலாம்." அப்பா உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் அவளை அம்மா போட்டு அழைத்ததில்லை. அடுக்களை மேடையில் ஓர் எவர்சில்வர் தட்டு நிறைய ஆரத்தி கரைத்து, வெற்றிலையில் சூடம் வைத்து, தயாராக இருந்தது. அம்மா செய்த வேலை. உலகம்மாள் போனை அந்தச் சிவப்புத் தண்ணீரில் முக்கினாள். கடலடிக் கம்பெனிக்காரன் போன் தண்ணீரில் சாகுமா? அது தட்டின் அடியில் கிடந்துகொண்டு, ராசா, ராசா, லைன்ல இருக்கியா என்று கொஞ்ச நேரம் விசாரித்துவிட்டு அடங்கியது.

அப்புறம்தான் நயினார் சொன்னான். அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றை மூச்சிழுக்க முடியாது. ஹீலியம் கலந்த காற்று. அதில் பேசினால் வாத்து கத்துகிற மாதிரிதான் குரல் வரும், பெற்ற தாய்க்கே புரியாது. அதனால் குரலைத் திருத்துகிற ஒரு மெஷினை லைனுக்கு நடுவில் வைத்திருந்தார்கள். இவன் பேசுவதைக் கேட்டு, இவனுடைய பழைய குரலில் வீட்டுக்குச் சொல்லும். முதல் இரண்டு வருஷம் ஒழுங்காகத்தான் இருந்தது. வீட்டில் சொன்ன சண்டை, சச்சரவு எல்லாம் வந்தது.

"மொதல்ல குரலைத் திருத்துச்சு" என்றான் நயினார். "பொறவு பேச்சைத் திருத்தியிருக்கு."

வேலாயுதம் பெட்டியிலிருந்த ஒப்பந்தக் காகிதங்களை எடுத்துப் புரட்டினான். பதினேழாம் பக்கத்தில் இருந்தது. பணியாளருடைய மன அமைதியையும் பணியிடப் பாதுகாப்பையும் கருதி, இருதரப்பு உரையாடலையும் தேவைக்கேற்பச் சீர்ப்படுத்தும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. அதற்குக் கீழே, பணி முடிந்த பிறகும் குடும்பத்தினர் விரும்பினால் இந்தச் சேவை தொடரும் என்று ஒரு வரி. அதற்கும் கீழே நயினாரின் கையெழுத்து, அழகாக, முழுப்பெயர்.

"கையெழுத்துப் போடையில கண்ணு பின்மண்டப் பொடதியிலயா இருந்துச்சு?" என்று கேட்டாள் உலகம்மாள்.

எல்லோரும்தான் போட்டோம் என்றான். ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதையும் அவனே சொன்னான். அந்த ஆழத்திலிருந்து ஒரு மனுஷனைச் சட்டென்று மேலே கொண்டுவர முடியாது, ரத்தத்தில் காற்று பொங்கிச் செத்துப்போவான். இரும்பு அறையில் வைத்துப் பன்னிரண்டு நாள், கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் குறைக்கவேண்டும். அப்பாவுக்கு முடியவில்லை என்று ஒருவன் அழுதால், அவன் ஒருவனுக்காகப் பன்னிரண்டு நாள் வேலை கெடும். முன்பு நாலைந்து பேர் அப்படி அழுதார்கள். அப்புறம் அழுகிற மாதிரிச் செய்தி யாருக்குமே வரவில்லை. நம்முடைய குழுவில் எல்லோர் வீட்டிலும் எல்லோரும் சௌக்கியம் என்று அவர்கள் பேசிச் சிரித்துக்கொள்வார்களாம். நாற்பது பேர் வீட்டில் ஐந்து வருஷமாக ஒரு சாவு கிடையாது.

உலகம்மாள் எழுந்து நடந்தாள். உட்கார்ந்தால் வெடித்துவிடுவாள் போலிருந்தது. அப்பா கெஞ்சியது எதனிடம்? இருபத்திரண்டு நாள் அந்த மனுஷன் எதனிடம் தேதி கேட்டார்? சுடுகாட்டில் பங்காளிகள் யாரிடம் அனுமதி வாங்கினார்கள்? அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. உன் கோபம் எனக்குப் புரியுது தங்கச்சி என்று சொன்னதே, அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்திருக்கவேண்டும். இவன் ஜென்மத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டிருக்கிறானா? அவள் திட்டினால் திரும்பத் திட்டாமல் இருந்திருக்கிறானா? தெரிந்திருக்கவேண்டும். கோபத்தை வளர்ப்பது சுகமாக இருந்தது, அதனால் அவள் யோசிக்கவில்லை.

"அவ நல்லாப் பேசுனாளோ?" என்று திடீரென்று கேட்டாள்.

"எவ?"

"நான். ஒன்ட்ட பேசுனாளே, அந்த நான்."

நயினார் தலையைக் குனிந்துகொண்டான். நல்லாத்தான் பேசினாள் என்றான். தினமும் உன்னை நினைக்கிறேன் அண்ணே என்பாளாம். உலகம்மாளுக்கு அந்த இல்லாத சிறுக்கியின் முடியைப் பிடித்து ஆய்ந்துவிடவேண்டும் போலிருந்தது.

நயினார் சுவரைப் பார்த்தபடியே கேட்டான். "கடைசியில அப்பா எனக்கு என்னமும் சொன்னாவளா?"

நாலு வருஷம் அவள் காத்திருந்த கேள்வி. வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது. ஆனால் இப்போது இவன் மேல் என்ன தப்பு? தரையில் கிடக்கிற முட்டிப்பட்டையைப் பார்த்தாள். உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாவ, எம் புள்ள எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்னு சொன்னாவ என்று சொல்லிவிட்டால் போகிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள். வாயைத் திறந்தும்விட்டாள். அப்போதுதான் அந்த வார்த்தைகள் யாருடையவை என்று உறைத்தது. தட்டுக்குள் கிடக்கிறதே, அது பேசுகிற பேச்சு. இவனுக்கு மனசு கஷ்டப்படக்கூடாது என்று நானும் திருத்தினால் பதினேழாம் பக்கத்தில் நானும் கையெழுத்துப் போட்டவள்தான். அவளுக்கு மறுபடியும் கோபம் வந்தது, இந்தத் தடவை சரியான இடத்தில் வந்தது.

அவன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுதேன், கேட்டுக்கோ. ஒரு எழுத்து மாத்தல. 'அந்த எடுபட்ட பய இனிமே வந்தா என்ன, வராட்டா என்ன. அவன் கையால கொள்ளி வாங்கினா என் கட்ட வேகாது. நீயே வச்சிரு. கேட்டான்னா, பஸ்ஸ எடுத்தாச்சு, ஓடி வந்தாலும் நிக்காதுன்னு சொல்லிரு.' அம்புட்டுதான். அதுக்குப் பொறவு பேசல."

அடுக்களை வாசலில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் இது புதுசு. நயினாரின் வெளுத்த முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. நாலு வருஷம் அவள் பார்க்க ஆசைப்பட்ட முகம்தான், ஆனால் அது போன விதம் வேறாக இருந்தது. அவன் உதடு கோணிக்கொண்டு வந்தது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

"எடுபட்ட பயன்னா சொன்னாவ?"

"ஆமா."

"நாலு வருசமா அந்தாளு என்னைய ஒருவாட்டி திட்டலட்டி. ராசாங்காவ, கண்ணுங்காவ. ஒடம்பைப் பாத்துக்கோங்காவ. எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. வயசாயிட்டு, மனசு எளகிட்டுன்னு நெனச்சேன்." முட்டிப்பட்டையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். "நெனச்சு சந்தோசப்பட்டேன்ட்டி. அதுதான் எனக்கு ஆறல. அப்பா ஒருவழியா நல்லாப் பேசப் படிச்சுக்கிட்டாவன்னு அங்கன எல்லார்ட்டயும் சொன்னேன்."

அவன் கையை நீட்டி அவள் முழங்கையைப் பிடித்தான். இன்னொரு தடவை சொல்லு என்றான். அப்பா சொன்ன மாதிரியே சொல்லு.

உலகம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூக்கால் இழுத்து, பின்படியில் தொங்குகிற பையன்களைப் பார்த்துக் கத்துகிற அந்தக் கண்டக்டர் குரலில், முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னாள். எடுபட்ட பய என்ற இடத்தில் அப்பா கொடுக்கிற அழுத்தம் அப்படியே வந்தது. நயினார் தரையில் கவிழ்ந்து அழுதான். அவளும் அவன் முதுகில் விழுந்து அழுதாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அழவேண்டிய அழுகை. அக்கம்பக்கத்துப் பெண்கள் சத்தம் கேட்டு வந்து, காரணம் கேட்காமலேயே கூட உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார்கள். நடுவில் அவன் கம்பெனிக்காரனைத் திட்டி ஒரு வார்த்தை சொன்னான். அப்பா இருந்திருந்தால் அதற்கு பாதுஷா கொடுத்திருப்பார்.

அழுது ஓய்ந்தபோது அம்மா அந்த எவர்சில்வர் தட்டை எடுத்தாள். கரைத்த ஆரத்தியை வீட்டுக்குள் வைத்திருக்கக்கூடாது, முச்சந்தியில் கொட்டவேண்டும் என்றாள். அந்தச் சனியனையும் சேர்த்துக் கொட்டு என்று உலகம்மாள் சொன்னாள். சரி என்று அம்மா தட்டோடு போனாள். வருவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. தட்டு காலியாக இருந்தது. போன் எங்கே என்று வேலாயுதம் கேட்டதற்கு, சாக்கடையில் போட்டுவிட்டேன் என்றாள்.

இலை போட்டுப் பரிமாறினாள். குனிந்து சோறு வைக்கும்போது உலகம்மாள் பார்த்தாள். அம்மாவின் இடுப்பில் செருகியிருந்த முந்தானை முடிச்சு செங்கல் கனத்துக்குத் தொங்கியது. அதைச் சுற்றிச் சேலை ஈரமாக, சிவப்பாக இருந்தது.

உலகம்மாள் கேட்க வாயெடுத்தாள். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அப்பா அம்மாவை ஒரு நாளாவது சாப்பிட்டியா என்று கேட்டதுண்டா என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அதற்குள் அம்மா தனக்கும் ஓர் இலையை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவள் அறிந்து முதல் முறையாக, பிள்ளைகளோடு முதல் பந்தியில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். உலகம்மாளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.